பதினேழு மிஸ்டு கால்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் ஒரு தம்பதி குடியிருக்கிறார்கள். கல்யாணமாகி நாலு வருஷம். அவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் நாட்களில் ஜீரோ கேட்டைத் தொடவே பாதி ராத்திரி ஆகிவிடும். அந்தப் பெண் மின்ட் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். சண்டை எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்.

"பதினேழு வாட்டி கூப்ட்டேன். ஒரு வாட்டி எடுக்க முடியாதா?"

"வண்டில இருந்தேன்."

"வண்டி நின்னுக்கினுதானே இருந்துச்சு?"

இதற்குப் பதில் வராது. டிவி சத்தம் கூடும். அதற்கு மேல் பாத்திரம் வைக்கிற சத்தம் கூடும்.

முதலில் இது போன் பற்றிய சண்டை என்றுதான் நானும் நினைத்தேன். பெரிய மனுஷி மாதிரி, "ஒரு ப்ளூடூத் வாங்கிக்கப்பா" என்று யோசனைகூடச் சொன்னேன். வாங்கினார். சண்டை நிற்கவில்லை. "ப்ளூடூத் இருந்துமா எடுக்கல?" என்று அதில் ஒரு வரி கூடியதுதான் மிச்சம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முதல் காலில் அவள் கேட்க நினைத்தது "எத்தனை மணிக்கு வருவ?" என்பதாக இருக்கலாம். பதினேழாவது காலில் கேட்பது அது இல்லை. "நான் கூப்பிட்டா நீ இருப்பியா?" என்று கேட்கிறாள்.

இந்தக் கேள்வியைப் பற்றி உளவியலில் ஒரு பெரிய கோட்பாடே இருக்கிறது. ஆங்கிலத்தில் அட்டாச்மென்ட் தியரி. தமிழில் பிணைப்புக் கோட்பாடு என்று எழுதுவார்கள். எனக்கென்னவோ நம் வீடுகளில் சொல்கிற வார்த்தையே பிடித்திருக்கிறது: ஒட்டுதல். "கொழந்த பாட்டிகிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு" என்கிறோமே, அந்த ஒட்டுதல்தான். குழந்தைகளைப் பார்த்து உருவான இந்தக் கோட்பாடு புருஷன் பொண்டாட்டி விவகாரத்துக்கு எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியமான கதை.

இதைத் தொடங்கி வைத்தவர் ஜான் பௌல்பி. 1907இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்த மனநல மருத்துவர். அந்தக் காலத்து அந்த வர்க்க வழக்கப்படி அவரை வளர்த்தது ஆயா. அவருக்கு நாலு வயது ஆகிற சமயத்தில் அந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டார். பிற்காலத்தில் அதை அம்மாவை இழந்ததற்குச் சமமான இழப்பாகவே அவர் பேசியிருக்கிறார். அவர் மருத்துவரான காலத்தில், பால் கொடுப்பதால்தான் குழந்தை அம்மாவிடம் ஒட்டுகிறது என்பது பெரும்பாலோர் எண்ணம். பௌல்பி அதை ஏற்கவில்லை. பசி எப்படியோ, பயந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதும் அப்படியே, அது தனிப் பசி என்றார். அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்பவர் குட்டிக் குரங்குகளை வைத்து 1950களில் செய்த சோதனை இதற்குத் தோள்கொடுத்தது. கூண்டில் இரண்டு பொம்மை அம்மாக்கள். ஒன்று வெறும் கம்பி, அதில் பால்புட்டி. இன்னொன்றில் மெத்தென்று துணி சுற்றியிருக்கும், பால் கிடையாது. குட்டிகள் கம்பியிடம் குடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் துணியைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. பாவம், அந்தக் குட்டிகளுக்குச் செய்தது கொடுமைதான். இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம்.

பௌல்பியோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவின் கிராமங்களில் தாய்களையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் ஒரு சோதனை வடிவமைத்தார். சுமார் ஒரு வயதுக் குழந்தை, அம்மா, பொம்மைகள் இருக்கிற ஓர் அறை. ஒரு புது ஆள் உள்ளே வருவார். அம்மா வெளியே போவார், சில நிமிஷத்தில் திரும்புவார். இன்னொரு தடவை போவார், திரும்புவார். மொத்தமே இருபது நிமிஷ வேலை.

குழந்தை எவ்வளவு அழுதது என்பதை வைத்து அவர் முடிவு கட்டவில்லை. அம்மா திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்பதைத்தான் உற்றுப் பார்த்தார். இதை நீங்களும் பார்க்கலாம். ஜூன் மாதம் ஏதாவது ஓர் அங்கன்வாடி வாசலில் மத்தியானம் போய் நில்லுங்கள். ஒரு குழந்தை அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து தோளில் ஏறும், ரெண்டு விம்மு விம்மும், அப்புறம் கீழே இறங்கி உடைந்த பொம்மையைக் காட்டும். இன்னொன்று ஓடிவரும், தூக்கினால் முதுகை வளைத்துக்கொண்டு திமிறும், அம்மாவை அடிக்கும், இறக்கிவிட்டாலும் அழும். மூன்றாவது ஒன்று அம்மா வந்ததையே கவனிக்காத மாதிரி மண்ணைக் கிளறிக்கொண்டு இருக்கும். "எங்க புள்ள சமத்து, தேடவே மாட்டான்" என்று அந்த அம்மா பெருமையாகச் சொல்வார். கவனிக்காத மாதிரி இருக்கிற இந்தக் குழந்தைகளின் இதயத்துடிப்பைப் பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, உள்ளுக்குள் அவர்களும் பதறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரே ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு யார் குழந்தைக்கும் முத்திரை குத்தாதீர்கள். அன்றைக்கு அதற்குப் பல் முளைத்துக்கொண்டிருக்கலாம்.

சரி, பெரியவர்களுக்கு வருவோம். 1987இல் சிண்டி ஹசான், ஃபிலிப் ஷேவர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். டென்வர் நகரத்து நாளிதழ் ஒன்றில் காதல் பற்றிய கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். நம் வார இதழ்களில் 'உங்கள் குணம் எப்படி?' என்று வருமே, பார்ப்பதற்கு அந்த மாதிரி. ஆனால் உள்ளே எய்ன்ஸ்வொர்த் பார்த்த மூன்று வகைக் குழந்தைகளையும் பெரியவர்களாக்கி மூன்று பத்திகளாக எழுதி, இதில் நீங்கள் யார் என்று கேட்டிருந்தார்கள். வந்த பதில்களில் 620ஐ எடுத்துக் கணக்குப் போட்டார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 56 சதவீதம் பேர், நெருங்கிப் பழகுவதும் ஒருவரை நம்பியிருப்பதும் எனக்குச் சிரமமில்லை என்ற பத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். 25 சதவீதம் பேர், யாராவது ரொம்ப நெருங்கினால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும் என்றார்கள். மிச்சம் 19 சதவீதம், நான் விரும்புகிற அளவு என்னிடம் யாரும் நெருங்குவதில்லை, விட்டுப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றார்கள். பத்திரிகை வாசித்து ஆர்வத்தில் எழுதிப் போட்டவர்கள்தான் இவர்கள். அதனால் அந்த சதவீதத்தை அப்படியே கொருக்குப்பேட்டைக்கும் புளியந்தோப்புக்கும் பொருத்தக் கூடாது. ஆனால், காதலிக்கிற பெரியவர்களின் மனசு, அறையில் விடப்பட்ட அந்தக் குழந்தையின் மனசைப் போலவே வேலை செய்கிறது என்ற எண்ணம் அதிலிருந்துதான் வேர்பிடித்தது.

இப்போது ஆய்வாளர்கள் இந்த மூன்று பெட்டிகளை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. இரண்டு அளவுகோல் வைத்துப் பார்க்கிறார்கள். ஒன்று பதற்றம்: 'விட்டுவிடுவாரோ' என்ற பயம் உங்களுக்கு எவ்வளவு? இன்னொன்று விலகல்: நெருக்கம் வந்தால் பின்வாங்கத் தோன்றுவது எவ்வளவு? இரண்டும் குறைவாக இருப்பவர்கள் நிம்மதியாக ஒட்டுகிறவர்கள். இரண்டுமே அதிகமாக இருப்பவர்களும் உண்டு, வா என்றும் கூப்பிடுவார்கள், வந்தால் போ என்றும் தள்ளுவார்கள். நாம் எல்லோரும் இந்த இரண்டு கோட்டில் எங்கேயோ ஓர் இடத்தில் நிற்கிறோம். அதுவும் எல்லோரிடமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தங்கையிடம் மனம்விட்டுப் பேசுகிறவர் மனைவியிடம் வாயே திறக்காமல் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இப்போது மாடிப் போர்ஷனுக்குத் திரும்பலாம். அவளுக்குப் பதற்றம் கூடும்போது சத்தம் கூடுகிறது. அவருக்குப் பதற்றம் கூடும்போது சத்தம் குறைகிறது. அவள் துரத்தத் துரத்த அவர் ஒதுங்குகிறார், அவர் ஒதுங்க ஒதுங்க அவள் துரத்துகிறாள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பேருமே எதிராளியைத்தான் காட்டுவார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். "நீ எடுக்காததாலதான் கூப்ட்டுக்கினே இருக்கேன்." "நீ கூப்ட்டுக்கினே இருக்கிறதாலதான் எடுக்கல." ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் இந்தத் துரத்தல் ஒதுங்கலைத் தம்பதிகளிடம் பல வருஷம் ஆராய்ந்தவர். மொத்தத்தில் பெண் துரத்துவதும் ஆண் ஒதுங்குவதும்தான் அதிகம் தெரிந்தது. ஆனால் பேச்சு எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்த்தபோது படம் கொஞ்சம் மாறியது. மனைவி ஒரு மாற்றம் வேண்டும் என்கிற விஷயத்தில்தான் இந்த வித்தியாசம் தூக்கலாக இருந்தது. கணவன் மாற்றம் கேட்கிற விஷயத்தில் அப்படி இல்லை. யாருக்கு இப்போதைய ஏற்பாடு கஷ்டமாக இருக்கிறதோ அவர் பேசப் பேச, யாருக்கு அது வசதியாக இருக்கிறதோ அவர் மௌனமாகிறார். 'பொம்பளைங்கன்னாலே நச்சரிப்புதான்' என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒதுங்குகிறவர் கல்நெஞ்சக்காரர் என்றும் நினைத்துவிட வேண்டாம். சியாட்டிலில் ஜான் காட்மன் என்பவர் தம்பதிகளை உட்காரவைத்து, உடம்பில் கருவிகளை மாட்டி, வழக்கமான சண்டையைப் போடச் சொல்லிப் பதிவு செய்தார். வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்த ஆட்கள் பலரின் இதயத்துடிப்பு உள்ளே எகிறிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுமே தவிர மண்டையில் ஏறாது, இருபது நிமிஷமாவது இடைவெளி விட்டுவிட்டுப் பேசுங்கள் என்கிறார் காட்மன். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த குழந்தை வளர்ந்து டிவி ரிமோட்டைக் கிளறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

காட்மன் கவனித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. அன்றாடம் நாம் ஒருவரை ஒருவர் சின்னச் சின்னதாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். "இன்னா மழை பாரு." "கால் வலிக்குது." "சாப்ட்டியா?" இதெல்லாம் தகவல் கேட்பது மாதிரி இருக்கும். உண்மையில் 'இந்தப் பக்கம் திரும்பு' என்ற அழைப்பு. எதிராளி ஒரு "ம்" கொட்டினாலே போதும், திரும்பியாயிற்று. புதுசாகக் கல்யாணமானவர்களைக் கவனித்துவிட்டு ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் முன்பு இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தார்கள், பிரிந்துவிட்டவர்கள் 33 சதவீதத்துக்குத்தான் திரும்பியிருந்தார்கள் என்று அவர் கணக்குச் சொல்கிறார். தமிழ்நாட்டில் 'ஐ லவ் யூ' சொல்லாத புருஷர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அதில் பெரிய குற்றமில்லை. "சாப்ட்டியா"வுக்கு போனிலிருந்து தலை தூக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

பிரிவும் திரும்பலும்தான் இந்தக் கோட்பாட்டின் உயிர் என்றால், அதைப் பார்க்கக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை விட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஆய்வாளர்கள் போனது விமான நிலையத்துக்கு. 1998இல் வெளியான ஓர் ஆய்வுக்காக கிறிஸ் ஃப்ரேலியும் ஷேவரும் அங்கே உட்கார்ந்து, வந்த ஜோடிகளைக் கவனித்தார்கள். ஒருவர் மட்டும் விமானம் ஏறப்போகிற ஜோடிகள், சேர்ந்தே பயணம் போகிற ஜோடிகளைவிட அதிகமாகக் கட்டிக்கொண்டார்கள், கையை விடாமல் பிடித்திருந்தார்கள். இதில் எதிர்பார்க்காதது எதுவும் இல்லை. ஆனால் விலகல் குணம் அதிகமுள்ள பெண்கள், பிரியப்போகிற அந்த நேரத்தில்தான் இன்னும் தள்ளி நின்றார்கள். பிரிவு வருகிறது என்றால் முன்கூட்டியே தானே பிரிந்துகொள்வது ஒரு தற்காப்பு.

இனி காசிமேடு. விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் சிக்னல் செத்துவிடும். பதினேழு மிஸ்டு காலுக்கெல்லாம் அங்கே வழியே இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் காலம்காலமாக வேறு வித்தை கற்றவர்கள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி காசிமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் ஒரு நாள் சொன்னாள்: "அது கடல்ல இருக்கும்போது எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல. தடைக்காலம் வந்தாதான் ஆரம்பிக்கும்."

மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த 61 நாளும் மனுஷன் வீட்டில். வருமானம் குறைவு, வெயில் அதிகம், இரண்டு ரூம் வீடு. பிள்ளைகள் எதற்கும் அம்மாவிடம்தான் அனுமதி கேட்கும். "நான் ஒருத்தன் இங்க இருக்கேன்ல?" என்று அவர் கத்துவார். அவள் பத்து மாதம் ஒற்றை ஆளாக வீட்டை நடத்திப் பழகியவள். அவர் திடீரென்று வந்து 'இன்னைக்கு கொழம்பு இன்னா?' என்பது அன்பாகவும் இருக்கலாம், அதிகாரமாகவும் இருக்கலாம். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பவியல் ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். ஓர் ஆள் குடும்பத்துக்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று தெளிவில்லாமல் இருப்பதே தனிப் பாரம் என்று அவர் கண்டார். போருக்குப் போனவரும் கடலுக்குப் போனவரும் ஒன்றில்லைதான். ஆனால் உடம்பு வீட்டிலும் இடம் வெளியிலுமாக இருக்கிற ஆளின் தவிப்பு, கடலுக்குப் போகிறவரிடமும் துபாயிலிருந்து லீவில் வருகிறவரிடமும் உண்டு. தடைக்காலத்தின் முதல் வாரச் சண்டையை வெறும் சோம்பலால் வருவது என்று எடுத்துக்கொள்ளாமல், மறுபடி வீட்டுக்குள் ஓர் இடம் பிடிக்க நடக்கிற சண்டை என்று பார்த்தால் பாதிக் கோபம் குறையும்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு பேர் கதை. எனக்கு இந்தக் கோட்பாட்டின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு, அது இங்கேதான். ஓர் அம்மா, ஒரு குழந்தை, ஓர் அறை என்பதிலேயே அது பிறந்துவிட்டது. ஹைடி கெல்லர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைத்தான் வெகுகாலமாகக் கேட்கிறார்: உலகத்தில் எத்தனையோ இடங்களில் குழந்தை பத்துக் கைகளில் வளர்கிறது, அங்கே அந்தச் சோதனை அறை எதை அளக்கும்?

நான் வளர்ந்தது ராயபுரத்தில் ஒரு ஸ்டோர் வீட்டில். நீளமான நடை, ரெண்டு பக்கமும் போர்ஷன்கள், கடைசியில் பொதுக் குழாய். எங்கள் அப்பா பின்னி மில்லில் ஷிஃப்ட். அவர் அம்மாவிடம் "எப்படி இருக்க?" என்று கேட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவுக்கு அது குறையாகத் தெரிந்ததா என்பதும் சந்தேகம்தான். ஏனென்றால் சாயங்காலம் நாலு மணிக்கு நடையில் உட்கார்ந்து கீரை ஆய்கிற நேரத்தில் எதிர் போர்ஷன் அக்கா அதைக் கேட்டுவிடுவார். கடன் வாங்க ஒருவர், வயிற்றுவலிக்குக் கஷாயம் சொல்ல ஒருவர், அப்பாவைத் திட்டினால் சேர்ந்து திட்ட ஒருவர். ராத்திரி அப்பா வரும்போது அம்மாவின் மனசில் பாதிப் பாரம் ஏற்கனவே இறங்கியிருக்கும். புருஷன் மிச்சத்தைத் தாங்கினால் போதும்.

இந்தச் சித்திரத்தை ரொம்பவும் பொன்னாக்கவும் விருப்பமில்லை. அதே நடையில்தான், அடி வாங்கிய பெண்ணிடம் "அடிக்கிற கைதான் அணைக்கும், உள்ள போ" என்று அனுப்பிவைத்தார்கள். அதையும் நான் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கைகள் இப்போது கலைந்துவிட்டன. ஸ்டோர் வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கரையோரத்திலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். நகரத்தின் வடகோடியில் அம்மா வீடு, தென்கோடிக்கு அப்பால் மகள் வீடு. நடந்து போய் ஒரு கிண்ணம் குழம்பு வாங்கிவருகிற தூரத்தில் இருந்தவர்கள் இவர்கள். பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அடுத்த தலைமுறைக்குச் சித்தியும் மாமாவும் அத்தையும் எண்ணிப்பார்த்தால் ஒரு கை விரலே மிஞ்சும். கைகள் கலைந்ததில் லாபமும் இல்லாமல் இல்லை, கண்காணிக்கிற கண்களும் குறைந்தன. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரி 14 அன்று. காதலர் தினத்தில் திறந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் திருவொற்றியூர் ஜோடிகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு யாரும் தந்ததில்லை. ஏசியில் உட்கார்ந்து அரை மணி நேரம், யாரும் 'நீ அவர் பொண்ணு தானே' என்று கேட்காமல் பேசலாம்.

ஆக, முன்பு ஒரு தெருவே தாங்கிய பாரத்தை இப்போது ஒரே ஆள் தாங்க வேண்டியிருக்கிறது. வீட்டு வாடகையில் பங்கு, பிள்ளை வளர்ப்பில் பங்கு, படுக்கையில் துணை, அதற்கு மேல் உயிர்த்தோழன், மன ஆறுதல், என் வளர்ச்சிக்கு ஊக்கம். அமெரிக்க உளவியலாளர் எலி ஃபிங்கல் 2014இல் இதை மலையேற்றத்தோடு ஒப்பிட்டார். கல்யாணத்திடம் நாம் கேட்பது உயர்ந்துகொண்டே போகிறது, உயரத்தில் மூச்சுக்காற்று குறைவு, ஆனால் அதற்குக் கொடுக்கிற நேரத்தை நாம் கூட்டவில்லை. வெளியாட்களிடம் நம் உணர்ச்சிகளைக் கொஞ்சம் பங்குபோட்டுக்கொள்வது நல்லது என்று இன்னொரு ஆய்வு 2015இல் வந்தது. துக்கத்துக்கு ஓர் ஆள், கோபத்துக்கு ஓர் ஆள், சந்தோஷத்துக்கு ஓர் ஆள் என்று பிரித்து வைத்திருப்பவர்கள், எல்லாவற்றுக்கும் ஒன்றிரண்டு பேரையே நம்பியிருப்பவர்களைவிட நிறைவாக இருந்தார்களாம். எங்கள் அம்மாவுக்கு இதைப் படித்துக்காட்டியிருந்தால் சிரித்திருப்பாள்.

வீட்டை எதிர்த்துக் காதல் கல்யாணம் செய்தவர்களுக்குத்தான் இது இரட்டைச் சுமை. வீடு கைவிட்டபின், அவனுக்கு அவள்தான் அம்மா, அக்கா எல்லாம். அவளுக்கு அவன்தான் தெரு. காதல் கல்யாணம் நிலைக்காது என்று பெருசுகள் பேசுகிறார்களே, காதலைக் குறை சொல்லும் முன் கைவிட்ட கைகளைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்கலாம். ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளை வைத்து 1982இல் வெளியான ஒரு ஆய்வு, பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணங்களில் அன்பு வருஷங்களோடு ஏறுவதாகவும் காதல் கல்யாணங்களில் இறங்குவதாகவும் சொன்னது. அது பேச்சுப் போட்டிகளுக்கு ரொம்ப உதவியது. 2012இல் அமெரிக்காவாழ் இந்தியர்களிடம் செய்த ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டும் சின்ன ஆய்வுகள். அதை வைத்துப் பிள்ளையின் காதலை முறித்துவிடாதீர்கள்.

'சின்ன வயசுல எப்படி ஒட்டினோமோ அப்படியேதான் சாகிற வரைக்குமா?' என்று கேட்பீர்கள். இல்லை. குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பழைய ஒட்டுதலின் சாயல் மிதமாகத்தான் மிஞ்சியிருந்தது. நல்ல துணை, நல்ல நண்பர், சில சமயம் நல்ல ஆலோசகர் கிடைத்தால் பதற்றக்காரர்களும் தணிகிறார்கள். கெட்டது நடந்தால் நிம்மதியாக இருந்தவர்களும் ஆட்டம் காண்கிறார்கள். அதனால் "நான் விலகல் டைப், என்னை இப்படித்தான் ஏத்துக்கணும்" என்று யாராவது ரீல்ஸ் பார்த்துவிட்டு வசனம் பேசினால் நம்ப வேண்டாம். நட்சத்திரப் பலனுக்குப் பதிலாக இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இதோடு குழப்பக் கூடாது. அடிப்பது, பயமுறுத்துவது, போனைப் பிடுங்கி வைப்பது, சம்பளத்தைப் பறிப்பது இதெல்லாம் ஒட்டுதல் சிக்கல் கிடையாது. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கு இருக்கிறது, 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. 'அவருக்குச் சின்ன வயசுல அன்பு கிடைக்கல' என்பது அவர் போய்ச் சிகிச்சை எடுக்கக் காரணமாகலாம், அவள் அடி வாங்கக் காரணமாகாது.

சாதாரணச் சண்டைக்கு என்ன செய்யலாம்? முதலில், கை பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஜேம்ஸ் கோன் என்பவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 16 மனைவிகளை மூளையைப் படம்பிடிக்கும் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, காலில் லேசாக ஷாக் வரலாம் என்று அறிவிப்புக் காட்டினார்கள். தனியாக இருந்தபோது மூளையில் அபாயச் சங்கு ஊதுகிற இடங்கள் சுறுசுறுப்பாகின. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் அடங்கியது. கணவன் கையைப் பிடித்தபோது நன்றாகவே அடங்கியது, அதிலும் நல்லபடி வாழ்கிற தம்பதிகளுக்கு இன்னும் கூடுதலாக. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரச்சினை தீரவும் இல்லை, ஷாக் வரலாம் என்ற பயம் அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற செய்தி மட்டும் உடம்புக்குப் போனது.

பதினேழு கால் வருவதும் அந்தச் செய்தி கிடைக்காததால்தான். அது முன்கூட்டியே கிடைத்துவிட்டால் கேட்க வேண்டிய தேவை இருக்காது. அதனால் ஒதுங்குகிற ஆட்களுக்கு நான் சொல்வது: போகும்போது எப்போது திரும்பிப் பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். "இப்ப முடியல, அரை மணி கழிச்சுப் பேசலாம்" என்பதும் ஒரு பதில்தான், ஆனால் அரை மணி கழித்து நீங்களாகவே வந்து பேச வேண்டும். துரத்துகிறவர்களுக்கு: "எப்ப பாரு நீ இப்படித்தான்" என்று ஆரம்பிப்பதை விட்டுவிட்டு, "பயந்துட்டேன்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அப்படிச் சொல்வது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே என் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

மாடியில் அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வண்டி வரிசையில் சேர்ந்ததும் அவர் முன்னால் நிற்கிற லாரியின் முதுகை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். எழுத்து எதுவும் இருக்காது. 'ஹார்ன் ப்ளீஸ்' என்று எழுதிய ஒரு தகரம், மங்கலான நம்பர் பிளேட். அவள் கடையில் பில் போட்டுக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் போடுவாள். அவள் போனில் இப்போது நூறு லாரி முதுகாவது இருக்கும். "என் கேலரிய பார்த்தா யாராச்சும் ஆர்.டி.ஓ.ன்னு நினைச்சுக்குவாங்கக்கா" என்றாள்.

போன வாரம் ஒரு ராத்திரி போட்டோ வரவில்லை. எட்டரைக்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறாள், ஸ்விட்ச் ஆஃப். கீழே வந்து என்னிடம் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு சீரியலைப் பாதி பார்த்துவிட்டு மேலே போனாள். பதினோரு மணிக்கு மாடிப்படியில் அவர் ஏறுகிற சத்தம் கேட்டது.

"சார்ஜ் பூட்ச்சும்மே," என்றார், அவள் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"அது தெரியும். கைகால கழுவிக்கினு வா, சோறு ஆறிப் போச்சு."